அட்டையில் ‘அதிகம்’, மண்டியில் குறைவு

கேள்வி: ஒன்றரை ஏக்கர். இருபது வருஷமாக கேரட், உருளை, மறுபடி கேரட். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் (மட்கில் இருக்கும் கரி) 2.1 சதவீதம், ‘அதிகம்’ என்று போட்டிருக்கிறார்கள். விளைச்சலோ இறங்குகிறது. எருச் செலவையாவது நிறுத்திவிடலாமா?
- வாசகி, கேத்தி

பதில்: அம்மா, அந்த ‘அதிகம்’ சமவெளிக்கு வைத்த அளவுகோல். 0.75 சதவீதத்தைத் தாண்டினாலே அப்படித்தான் அச்சாகும். கோவை வெயிலில் எரு சீக்கிரம் கரைந்துபோகும். நம் நீலகிரிக் குளிரில் மெதுவாகத்தான் மட்கும். கோத்தகிரியில் என் அட்டையும் ‘அதிகம்’தான், பக்கத்துத் தோட்டக்காரருடையதும் ‘அதிகம்’தான்!

நான் நம்புவது இரண்டு கண்ணாடி டம்ளர்களை. வேலியோரம் கொத்தாத இடத்தில் ஒரு மண்கட்டி, பாத்தி நடுவில் ஒன்று. நிழலில் உலர்த்தி, தண்ணீரில் மெதுவாக விடுங்கள். போன மாசியில் நான் செய்தபோது, கையிலிருந்த காபி ஆறுவதற்குள் பாத்தி மண் செங்குழம்பாகிவிட்டது. வேலி மண் சாயங்காலம்வரை கட்டியாகவே கிடந்தது. ஐப்பசி மழையில் சரிவிறங்கி ஓடையில் சேர்வது அந்தப் பாத்தி மண்தான். மண்ணைக் கட்டியாகப் பிடித்துவைக்கும் மட்கு இருப்பதே மேல்மண்ணில். மண்ணோடு அதுவும் போகிறது.

பல நாட்டுக் கோதுமை, மக்காச்சோள வயல்களைச் சேர்த்துப் பார்த்த 2019 ஆய்வொன்றில், கரிமம் சுமார் 2 சதவீதம் வரை கூடக்கூட விளைச்சலும் ஏறியது. பிறகு ஏற்றம் நின்றது. கேரட்டுக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் உங்கள் சறுக்கலுக்கு வேறு காரணமும் இருக்குமென்று எனக்குச் சந்தேகம். அட்டையில் பி.எச்., அதாவது மண்ணின் அமில அளவு, என்ன? 5-க்குக் கீழே என்றால் அமிலம் அதிகம், மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரை முடக்கும், போட்ட பாஸ்பரஸை மண்ணே பிடித்துக்கொள்ளும். அமிலத்தைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்புத்தூள் போடுங்கள். எருவும் டோலமைட்டும் ஒரே நாளில் வேண்டாம், தழைச்சத்து காற்றில் போகும்.

எருவை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உடனே தெரியாது, சிக்கலே அதுதான். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்ட பார்லிப் பாத்தியில், நூறு வருஷம் கழித்தும் எருவே காணாத பாத்தியைவிடக் கரிமம் கூடுதலாக இருந்தது. உங்கள் 2.1-இலும் மாமனார் காலத்து எரு எவ்வளவோ!

கோழி எருவை லாரியிலிருந்து இறக்கிய சூட்டோடு மட்டும் போடாதீர்கள். மூன்று மாதம் குவித்து மட்க விடுங்கள். இல்லையென்றால் கேரட் கவைகவையாகப் பிரியும், மண்டியில் ஒதுக்கிவிடுவார்கள்.