விண்ணப்பக் கட்டுரையை முன்பின் தெரியாதவரிடம் காட்டலாமா?

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதற்காக 650 சொற்களில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அப்பாவின் குடிப்பழக்கத்தால் குடும்பப் பொறுப்பு என் தலையில் விழுந்த கதை அது. இணையத்தில் அறிமுகமான ஒருவர், தாம் அங்கேயே படிப்பதாகவும், பணம் வாங்காமல் திருத்தித் தருவதாகவும் சொல்கிறார். அனுப்பலாமா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

பதில்: அனுப்ப வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அப்படி இல்லாவிட்டால் அவரை எங்கே போய்ப் பிடிப்பது, யாரிடம் முறையிடுவது என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை.

பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெற்று அனுப்பும் யூகாஸ் அமைப்பு 2007 இல் விண்ணப்பக் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதியியல் பரிசோதனை செய்து பார்த்தபோது தம் இரவு உடையில் ஓட்டை விழுந்ததாக 234 பேர் எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர் எழுதிய ஒரு கட்டுரை அத்தனை கைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்று யூகாஸுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையும் முன்பு வந்தவற்றோடு மென்பொருளால் ஒப்பிடப்படுகிறது. இரண்டு கட்டுரைகள் ஒத்திருக்கின்றன என்பதை அந்த மென்பொருள் காட்டுமே தவிர, முதலில் எழுதியவர் யார் என்று அதற்குத் தெரியாது. உங்கள் கட்டுரையைப் பெற்றவர் உங்களுக்கு முன்பே அதைச் சமர்ப்பித்துவிட்டாலோ, வேறு ஒருவருக்கு விற்றுவிட்டாலோ, சொந்த வாழ்க்கையை எழுதிய நீங்கள்தான் அது உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்கு ஆளாவீர்கள்.

நீங்கள் சொல்லும் 650 சொல் வரம்பு, அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் அமைப்பினுடையது. அதில் விண்ணப்பிக்கும்போது, எழுதியது என் சொந்தப் படைப்பே என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறீர்கள். பிறருடைய மொழியையும் அனுபவத்தையும் தனதாகக் காட்டுவது மட்டுமல்லாமல், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த உள்ளடக்கத்தைத் தனதாகக் காட்டுவதும் அங்கே மோசடி. திருத்தித் தருகிறேன் என்பவர் உங்கள் பத்திகளை அப்படியொரு செயலியில் போட்டு எடுத்துத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? கையொப்பம் உங்களுடையது, ஆகவே விளைவும் உங்களுடையதே.

இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கட்டுரையின் பொருள்தான். அப்பாவின் குடிப்பழக்கம் உங்களுடைய கதை மட்டுமல்ல, அவருடைய கதையும்கூட. சேர்க்கை அலுவலர் அதைத் தம் பணியின் பகுதியாகப் படிப்பார். முகம் தெரியாத ஒருவரிடமோ உங்கள் பெயர், மின்னஞ்சல், பள்ளி, குடும்பத்தின் வலி ஆகிய எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்துவிடுகின்றன. பணம் கேட்டு மிரட்ட நினைப்பவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கூகுள் டாக்ஸில் எழுதிய கோப்பைத் திருத்தும் அனுமதியோடு பகிர்ந்தால், அவரால் அதன் பழைய வடிவங்களையும் திறந்து பார்க்க முடியும். இது வேண்டாம், இவ்வளவு சொல்லக் கூடாது என்று நீங்கள் யோசித்து அழித்த வரிகளும் அவர் கண்ணில் படும்.

கருத்துக் கேட்க வேண்டும் என்ற உங்கள் விருப்பம் முற்றிலும் நியாயமானது. உங்களுக்கு மொழி கற்பித்த ஆசிரியரிடமோ, உங்களை நேரில் அறிந்த மூத்த மாணவரிடமோ கொடுங்கள். இந்தக் கட்டுரையில் தெரிவது நீங்கள்தானா என்ற முக்கியமான கேள்விக்கு, உங்களை அறிந்தவரால்தான் பதில் சொல்ல முடியும். அந்நியர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அவரால் வாக்கியங்களை மட்டுமே பார்க்க முடியும்.

கேள்வி: என் மகன் எங்களிடம் சொல்லாமல் தன் கட்டுரையை யாரோ ஒருவருக்கு அனுப்பிவிட்டான். அதன்பின் அந்த நபரிடமிருந்து பதிலே இல்லை. விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?
— ஒரு தாய்

பதில்: முதலில், அம்மா, அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். பயந்த பிள்ளை அடுத்து நடப்பதையும் மறைத்துவிடுவான். இப்போது உங்களுக்கு வேண்டியது நடந்தது முழுவதும் தெரிவதுதான்.

பகிர்ந்த இணைப்பை உடனே முடக்கச் சொல்லுங்கள். ஆனால் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். புதிய கோப்புக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதைக் கைவிடவும் வேண்டாம். முதல் வரி எழுதப்பட்ட நாளிலிருந்து கட்டுரை எப்படி வளர்ந்தது என்பது தேதியோடும் நேரத்தோடும் அந்தக் கோப்பின் வரலாற்றில்தான் இருக்கிறது, புதிய நகலுக்கு அது வராது. பின்னால் ஒரு கேள்வி எழுந்தால் அவன் கையில் இருக்கும் வலுவான சான்று அதுவே. உரையாடலின் திரைப்பிடிப்புகளையும் எடுத்து வைத்து, பள்ளியில் இதற்குப் பொறுப்பான ஆசிரியரிடம் இப்போதே விஷயத்தைத் தெரிவித்துவிடுங்கள். சிக்கல் வந்த பிறகு சொல்லும் விளக்கத்தைவிட, வருமுன் சொல்லி வைத்ததற்கு மதிப்பு அதிகம்.

நாள் இருப்பதால், அதே அனுபவத்தை வேறொரு தருணத்திலிருந்து தொடங்கிப் புதிதாக எழுதுமாறு சொல்வேன். அவனுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும், வாழ்ந்தவனால் அந்த அனுபவத்தை இன்னொரு முறையும் எழுத முடியும். எடுத்துக்கொண்டவரிடம் இருப்பது அந்த 650 சொற்கள் மட்டுமே. மிரட்டல் ஏதும் வந்தால் பணம் கொடுக்காமல், செய்திகளை அழிக்காமல், காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவை அணுகுங்கள்.

கேள்வி: கட்டுரையின் மேல் ‘பதிப்புரிமை என்னுடையது’ என்று எழுதி அனுப்பினால் பாதுகாப்பு உண்டா?
— கல்லூரி மாணவர்

பதில்: உரிமை உண்டு, பாதுகாப்பு இல்லை. 1886 இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதியவருக்குப் பதிப்புரிமை தானாகவே கிடைக்கிறது; அந்த வாசகம்கூடத் தேவையில்லை. ஆனால் உண்மைப் பெயரே தெரியாத ஒருவர்மீது வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறுவதற்குள் சேர்க்கைக் காலம் முடிந்துவிடும். வெளியாரிடம் கேட்டே ஆக வேண்டுமென்றால், கட்டுரையைக் கொடுக்காமல் கேள்வியை மட்டும் கேளுங்கள்: 650 சொற்களுக்குள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது நல்லதா, இரண்டையா, தோல்வியைப் பற்றி எழுதும்போது அதிலிருந்து மீண்டதற்கு எவ்வளவு இடம் தருவது. இவற்றுக்குப் பதில் சொல்ல உங்கள் கட்டுரையின் ஒரு வரியைக்கூட அவர் படிக்க வேண்டியதில்லை.