இதயம் நன்றாக இருந்தும் கை வீங்குவது ஏன்?

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அம்மாவின் கை வீங்குகிறது, எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயம் நன்றாக இருக்கிறது, அப்புறம் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான். இரத்தத் தந்துகிகளில், அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில், கசியும் திரவம் முழுவதும் நேராக இரத்தத்துக்குத் திரும்புவதில்லை. நாளுக்குச் சுமார் 3 லிட்டர், கசிந்த புரதங்களோடு, நிணநீர்க் குழாய்கள் வழியாகப் போய்க் கழுத்தடியில் பெரிய சிரைகளில் சேருகிறது. நிணநீர் முடிச்சுகள் இந்தக் குழாய்களின் வழியில் இருப்பவை; அவற்றை எடுத்ததில் வழி தடைபட்டால் திரவம் கையிலேயே தேங்கி வீங்கும். அந்தக் குழாய்களுக்கு இதயம் போல ஒரு பம்ப் கிடையாது. அவற்றின் சுவர் சுருங்குவதும் தசை அசைவும் மூச்சும்தான் தள்ளிவிடுகின்றன. அதனால் பயந்துபோய்க் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டாம். கையில் இறுக்கமாகப் போடும் அழுத்த உறை, பயிற்சி பற்றிப் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். திடீரென வீக்கம் கூடினாலோ, சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.