சரிவே எஞ்சின்: கென்னிவுட் பூங்கா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் என் மகள், கென்னிவுட் என்ற பூங்காவில் நூறு வருடப் பழைமையான, மேடு பள்ளமான தடத்தில் ஓடும் மர ரோலர் கோஸ்டரில் பிள்ளைகளோடு ஏறியதாகச் சொன்னாள். அந்தப் பூங்காவைத் தொடங்கியதே ஒரு ட்ராம் கம்பனியாம். ட்ராம் கம்பனிக்குப் பூங்கா எதற்கு? (ஹட்டனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மகள் சொன்னது சரிதான். மொனொங்கஹேலா ஆற்றைப் பார்த்தபடி உள்ள மேட்டுநிலத்தில் கென்னி என்ற குடும்பத்தாருக்கு ஒரு மரத்தோப்பு இருந்தது. அக்கம்பக்கத்தார் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் ஒருநாள் பொழுதைக் கழித்துவிட்டு வருவார்கள். அந்த ஆற்றங்கரை ட்ராம் பாதையை நடத்திய கம்பனி 1898இல் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தது. வேலை நாட்களில் ஆலைத் தொழிலாளர்களால் நிரம்பி வழிந்த ட்ராம் வண்டிகளுக்கு விடுமுறை நாட்களில் ஆள் சேரவில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பூங்கா இருந்தால் குடும்பம் குடும்பமாகச் சீட்டு வாங்கி வருவார்கள் என்பதே கணக்கு. அக்காலத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இப்படிப் பூங்காக்கள் எழுந்தன. மோட்டார் கார் பெருகியபோது அவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. கென்னிவுட் தப்பிப் பிழைத்தது. 1906 முதல் 2007 வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, இரண்டு உள்ளூர்க் குடும்பங்களின் கையில் அது இருந்ததை இதற்கு முக்கிய காரணமாக நான் கருதுகிறேன். 1987இல் அமெரிக்க அரசு அதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி: ரோலர் கோஸ்டரில் எஞ்சின் இல்லை என்கிறார்களே, பிறகு எப்படி ஓடுகிறது? (பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவன்)

பதில்: தம்பி, இதை விளங்கிக்கொள்ள மலைநாட்டுப் பிள்ளைக்கு நீண்ட பாடம் தேவையில்லை. என் சிறுவயதில், மேல்மலையில் எடைபோட்ட தேயிலைக் கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டிக் கம்பியில் விட்டுவிடுவார்கள். அது சீறிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடந்து கீழே தொழிற்சாலைப் பக்கம் போய்ச் சேரும். மூட்டையை இழுத்தது அதன் சொந்தப் பாரமே. ரோலர் கோஸ்டரிலும் வண்டியைச் சங்கிலி ஒன்று உச்சிவரை இழுத்துவிடும். அதன் பின் ஓட்டுவதெல்லாம் சரிவுதான். உராய்வும் காற்றும் வேகத்தைத் தின்றுகொண்டே இருப்பதால், அடுத்தடுத்து வரும் மேடுகள் முதல் உச்சியைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும்.

இந்த விளையாட்டின் மூதாதைகளுள் ஒன்றும் கென்னிவுட் இருக்கும் அதே பென்சில்வேனியா மாநிலத்தில்தான் பிறந்தது. மாக் சங்க் என்ற ஊரில் 1827இல் நிலக்கரி இறக்குவதற்காக ஒரு மலைத் தண்டவாளம் போட்டார்கள். கரி ஏற்றிய பெட்டிகள் தாமாகவே இறங்கின; வெற்றுப் பெட்டிகளைத் திரும்ப மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள் வேண்டும் என்பதால், அவற்றையும் தனிப் பெட்டியில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். அப்படிச் சவாரி செய்து பழகிய கழுதைகள் பிறகு மலையிறங்க நடக்கவே மறுத்துவிட்டன என்று சொல்வார்கள். பிற்காலத்தில் கரி ஏற்றுவது நின்றபோதும் காசு கொடுத்து அதில் இறங்க மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆசையைக் கண்டுதான் 1884இல் நியூயோர்க்கின் கோனி தீவில் லமார்க்கஸ் தொம்சன் என்பவர் சவாரிக்கென்றே ஒரு தடம் கட்டினார்.

வண்டி மேடேறும்போது கேட்கும் "டக், டக்" என்ற ஓசை பிள்ளைகளுக்குப் பயத்தைத் தரும். உண்மையில் அது பாதுகாப்பின் ஓசை. வண்டியின் அடியில் தொங்கும் இரும்புக் கொண்டி, தடத்திலுள்ள பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாக விழுந்து விழுந்து எழுகிறது. சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னோக்கி வராது. சரி, மேட்டின் முகட்டில் வண்டி தடத்தைவிட்டுப் பறந்துவிடாதா? அதற்கு விடை கண்டவர் ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜோன் மில்லர். தண்டவாளத்தின் மேலே ஓடும் சில்லுகளோடு, அதன் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு சில்லையும் அவர் சேர்த்து, 1919இல் காப்புரிமை பெற்றார். செங்குத்தான இறக்கங்களைத் துணிந்து கட்டும் வழி அந்தச் சிறு சில்லினால்தான் திறந்தது. அடுத்த ஆண்டே, 1920இல், கென்னிவுட்டில் அவர் வடிவமைத்த ஜாக் ராபிட் என்ற மர ரோலர் கோஸ்டர் ஓடத் தொடங்கியது.

கேள்வி: மரம் மழையில் இற்றுப்போகாதா? புதிதாக உயரமான உருக்குத் தடங்கள் வந்த பிறகும் பழையதை ஏன் வைத்திருக்கிறார்கள்? (தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இற்றுப்போகும். அதனால்தான் தச்சர்கள் தடத்தில் ஏறி நடந்து பார்த்து, தளர்ந்த ஆணியையும் நைந்த பலகையையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே உருக்குப் பட்டை பதித்த தடம் அது. பாரம் ஏறும்போது சற்று வளைந்துகொடுக்கும்; பழையதை வைத்திருக்க அது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுவே எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பூங்கா நிலத்தை மட்டப்படுத்தவில்லை. ஓடைப் பள்ளங்களை அப்படியே இறக்கங்களாக்கிக்கொண்டது. 21 மீற்றர் இறங்கும் ஜாக் ராபிட்டின் சட்டகம் அவ்வளவு உயரமானதன்று. மிச்ச ஆழத்தைப் பள்ளம் தருகிறது. நம் பதுளைக்கு ரயில் வந்த அதே 1924இல் அங்கே பிப்பின் என்ற தடம் கட்டப்பட்டது; 1968இல் அதனைப் புதுப்பித்துத் தண்டர்போல்ட் என்று பெயரிட்டார்கள். அதில் சங்கிலி ஏற்றம் முதலில் வராது. நிலையத்தைவிட்டுப் புறப்பட்டதுமே வண்டி பள்ளத்துக்குள் விழுகிறது.

2001இல் திறந்த உருக்குத் தடமான பாண்டம்ஸ் ரிவெஞ்சும் இதே பாடத்தைப் படித்ததுதான். அதன் முதல் ஏற்றம் ஏறத்தாழ 49 மீற்றர். இரண்டாவது இறக்கமோ ஏறத்தாழ 70 மீற்றர். மேலே நான் சொன்ன விதி பொய்த்துவிட்டதோ என்று பண்டாரவளைத் தம்பி கேட்கக்கூடும். இல்லை. இரண்டாவது முகடு முதலாவதைவிடத் தாழ்ந்ததே. நிலம்தான் அங்கே சரிந்து கீழே போகிறது. மணிக்கு 137 கிலோமீற்றர் வரை வேகமெடுக்கும் அந்த வண்டி, தண்டர்போல்டின் மரச்சட்டங்களுக்கு அடியில் புகுந்து போகிறது. தெமோதரையில் ரயில் நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாக ரயில் வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி விளங்கும்.

கேள்வி: வருகிற வருடம் மகளிடம் போகிறேன். எனக்கு அறுபது வயது. எதில் ஏறலாம்? (அதே ஹட்டன் வாசகி)

பதில்: இதய நோயோ முதுகு வலியோ இருந்தால் எதிலும் ஏறாதீர்கள், அம்மா, கீழே நின்று பார்ப்பதும் இன்பந்தான். உடல் இடங்கொடுத்தால் ரேசர் என்ற மர ரோலர் கோஸ்டரில் ஏறுங்கள். 1927இல் மில்லர் வடிவமைத்த அதில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டியிட்டு ஓடும். பார்வைக்கு இரட்டைத் தடம். உண்மையில் நெடுக ஒரே தடம் சுற்றி வந்து தன்னோடு சேர்கிறது. ஆகவே இடப்பக்கம் புறப்படும் வண்டி வலப்பக்கம் வந்து நிற்கும். மகளை அந்தப் பக்கம் காத்திருக்கச் சொல்லுங்கள்.