மூக்கில் சதை: எதிர்ப்பு சக்தியைக் கூட்டலாமா?

கேள்வி: வயது 41. இரண்டு மூக்கிலும் சதை வளர்ந்து 2022இல் ஆபரேஷன் செய்தேன். மறுபடி வளர்ந்துவிட்டது. மல்லிகைப்பூ வாசம்கூடத் தெரிவதில்லை. ரத்தத்தில் இஸ்னோபில் அதிகம், 'இம்யூன் பிரச்சினை' என்கிறார்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்ட மருந்து சாப்பிடலாமா? லேசர் செய்தால் நிரந்தரத் தீர்வு என்று தெரிந்தவர் ஒருவர் கூப்பிடுகிறார்.

பதில்: கூட்டவே வேண்டாம். எதிர்ப்பு சக்தி உங்களுக்குக் குறைவில்லை. வேண்டாத இடத்தில் எகிறிக்கொண்டிருக்கிறது. சைனஸ் சவ்வில் இன்டர்லூக்கின் 4, 5, 13 என்று சில ரசாயனச் சேதிகள் உண்டு. 5 என்பது இஸ்னோபில் என்ற வெள்ளையணுக்களை வளர்த்து, சீக்கிரம் சாகவிடாமல் காக்கிறது. 13 சளியைப் பெருக்குகிறது. சவ்வு வீங்கி, நீர் கோத்து, உரித்த திராட்சைபோல் வெளிறித் தொங்குவதுதான் நீங்கள் சொல்லும் சதை.

ஆபரேஷன் திராட்சையைப் பறிக்கும், சேதியை நிறுத்தாது. லேசரும் அப்படித்தான். 'நிரந்தரம்' என்று யாராவது கைப்பிடித்து அழைத்தால், அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று கேளுங்கள். எதிர்ப்பு சக்திப் பொடி விற்பவரையும் அதே வரிசையில் நிறுத்துங்கள்.

ஆபரேஷன் வீண் என்று சொல்லவில்லை. மருந்து உள்ளே போக அது வழி திறக்கிறது. அப்புறம் தினமும் உப்புநீரில் கழுவி (கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும்), ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். வலது மூக்குக்கு இடது கை. தலையை லேசாகக் குனிந்து, முனையை அந்தப் பக்கக் கண்ணின் வெளிக்கோடி நோக்கித் திருப்புங்கள். மூச்சை வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இதைச் சொல்லித்தர டிஸ்சார்ஜ் அன்று யாருக்கும் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. படுத்தால் பணம் தரும் காப்பீடு, மாதாமாதம் வாங்கும் ஸ்ப்ரேக்கு அநேகமாகக் கையை விரிக்கும். பிறகு ஏன் எல்லாரும் திரும்பவும் ஆபரேஷன் மேஜையில் ஏற மாட்டார்கள்?

ஒன்று மட்டும் நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி அடைத்து, இளைப்பு வந்ததுண்டா? உண்டென்றால் கதை வேறு. அங்கே லியூகோட்ரைன் என்ற இன்னொரு சேதி வெள்ளமாகப் பாய்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குச் சதை சீக்கிரம் திரும்பும். பல்வலிக்கு மெடிக்கலில் பெயர் சொல்லாமல் கிழித்துத் தரும் மாத்திரையிலும் இந்த வலி மருந்துகள் இருக்கலாம், முதுகுவலிக்குப் போடும் ஊசியிலும் இருக்கலாம். வீட்டில் போட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள், மூச்சே நின்றுவிடலாம். முன்பே அப்படி வந்ததுண்டு என்றால், அந்த மருந்துகளின் பெயரை உங்கள் ஆஸ்பத்திரி நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

4, 13 இரண்டையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2019இல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாசம் திரும்பியவர்கள் உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பலாம், விலையும் கடுமை. ஒழுங்காக ஸ்ப்ரே அடித்தும் முடியவில்லை என்றால் அதைப் பேசலாம்.

அடுத்த முறை போகும்போது 2022 பயாப்சி ரிப்போர்ட்டை (வெட்டியெடுத்த சதையைச் சோதித்த அறிக்கை) தேடி எடுத்துப்போங்கள். இஸ்னோபில் எத்தனை என்று அதில் எழுதியிராவிட்டால், பழைய ஸ்லைடை மறுபடி பார்த்து எண்ணச் சொல்லுங்கள்.