வான்காரர் மேலா, வைத்தியசாலை மேலா? இரண்டுக்கும் நடுவில் ஒரு கால்

உப்புவெளி வாசகி ஒருவரின் கேள்வி: "இரண்டு மாதத்துக்கு முன் திருகோணமலை நகருக்குள் பொழுதுபட்ட நேரம் சைக்கிளில் வந்த அப்பாவை வான் ஒன்று மோதியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பிளாஸ்டர் போட்டு வார்ட்டில் கிடத்தினார்கள். இரவு முழுக்க 'கால் வெடிக்கிற மாதிரி இருக்குது, விரல் விறைக்குது' என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். வலி ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் அந்தக் கால் போய்விட்டது. வான்காரர் 'மான் குறுக்கே பாய்ந்தது, சைக்கிளில் வெளிச்சமும் இல்லை' என்கிறார். யார் மேல் வழக்குப் போடுவது? எப்படி நிரூபிப்பது?"

இரண்டு தரப்பையும் ஒரே வழக்கில் பிரதிவாதிகளாக்கலாம் அம்மா. உங்கள் விஷயத்தில் அதுதான் புத்தி. தனித்தனியாகப் போனால் வான்காரர் வைத்தியசாலையைக் காட்டுவார், வைத்தியசாலை வானைக் காட்டும்.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், நட்டஈட்டுக்கானது. குற்ற வழக்கைப் போல நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்புச் சொல்வதைவிட நீங்கள் சொல்வதே நடந்திருக்கக்கூடியது என்று நீதிபதி ஏற்றால் போதும். வழக்குப் போடக் காலம் மட்டும் இரண்டே வருடம்.

மான் கதையை முதலில் பார்ப்போம். ஹபரணைக் காட்டுவழியில் ஒரு மான் பாய்ந்தால் எதிர்பாராதது என்று சொல்ல இடமுண்டு. திருகோணமலை நகருக்குள் அந்தக் கதை எடுபடுவது கஷ்டம். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து மான்கள் தெருவுக்கு வருவதும், கடை வாசலில் நிற்பதும் இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுக்கு ஏற்ற வேகத்தில் ஓடாததே கவனயீனம். அந்த இடத்தில் மான்கள் வழமையாக நிற்கும் என்று சொல்ல அயல் கடைக்காரர் ஒருவர் சாட்சிக்கு வந்தால், அவர் பெறுமதி பெரிது.

வெளிச்சம் இல்லாதது உண்மையென்றாலும் வழக்கு சாகாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அப்பாவின் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும், அவ்வளவுதான்.

பொலிஸ் போக்குவரத்துப் பிரிவு வரைந்த வரைபடம், வாகனப் பரிசோதகரின் அறிக்கை, இரு தரப்பு வாக்குமூலங்கள், எல்லாவற்றுக்கும் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் வேண்டும். உங்கள் வழக்கில் அதை அவருடைய ஒப்புதலாகக் காட்டலாம். ஆனால் அது மட்டும் வழக்கை முடித்துவைக்காது. வான் சொந்தக்காரர் வேறு ஆளாக இருந்து, சாரதி அவருடைய வேலையாக ஓடியிருந்தால் அவரையும் சேருங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு வழக்குப் போடுமுன்பே எழுத்தில் அறிவியுங்கள். பொலிஸ் நிலையத்தில் ஏதோ சில ஆயிரத்தைத் தந்து "இனி நட்டம் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. அப்பா இதுவரை போடவில்லையென்றால், இனியும் போடவேண்டாம்.

வைத்தியசாலைப் பக்கம்தான் கடினம். முடிவு கெட்டுப்போனது என்பதால் வைத்தியர் பிழை விட்டார் என்று ஆகாது. அதே துறையில் நியாயமான திறமையுள்ள ஒருவர் அன்றிரவு என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். அதற்கு மேலே இன்னொரு படியும் உண்டு. குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுத்தும், 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. குழந்தைக்கு மூளைத்தண்டில் கட்டி. கவனயீனம்தான் மரணத்துக்குக் காரணம் என்று காட்டப்படவில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலான வைத்திய வழக்குகள் சறுக்குவதும் இந்தப் படியில்தான்.

உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை. முறிந்த காலின் தசைக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறினால் இரத்த ஓட்டம் தடைப்படும். முறிவுக்கு மிஞ்சிய வலி, விறைப்பு, தசை இறுகுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பிளாஸ்டரை வெட்டித் திறந்து பார்த்து, தேவையென்றால் சத்திரசிகிச்சையால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதற்குச் சில மணிநேரம்தான் அவகாசம். ஆகவே வழக்கு முழுதும் ஒரு கேள்வியில் தொங்குகிறது: அப்பா முறையிட்டது எத்தனை மணிக்கு, வைத்தியர் வந்து பார்த்தது எத்தனை மணிக்கு?

அந்த மணி பெட் ஹெட் டிக்கெட்டிலும் (வார்ட்டில் எழுதிவைக்கும் நோயாளி பதிவு) தாதியர் குறிப்பிலும் இருக்கும். வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட் மட்டும் போதாது. அரசாங்க வைத்தியசாலை என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய சொந்த மருத்துவப் பதிவு என்பதால் விண்ணப்பத்தில் அப்பாவே கையெழுத்திடட்டும். அரசின் சார்பில் நிற்கும் சட்டமா அதிபர் மேலோ, அரச உத்தியோகத்தர் மேலோ வழக்கென்றால் ஒரு மாத முன்னறிவித்தலும் கட்டாயம். வைத்தியசாலை மாகாண சபைக்குக் கீழா, மத்திய அமைச்சுக்குக் கீழா என்பதையும் கேட்டு வையுங்கள், பிரதிவாதியின் பெயர் அதைப் பொறுத்தது. இலங்கை மருத்துவ சபைக்கும் முறையிடலாம், ஆனால் அங்கே ஒழுக்காற்று நடவடிக்கைதான் நடக்கும், காசு வராது.

சாட்சி சொல்ல ஓர் எலும்பு முறிவு நிபுணர் வேண்டும். இங்கேயே தேடி அலையாதீர்கள். தினமும் முகம் பார்க்கும் சக வைத்தியருக்கு எதிராகக் கூண்டில் ஏற யாருக்கும் மனம் வராது, அதைக் குறைசொல்லவும் முடியாது. கண்டியிலோ கொழும்பிலோ ஓய்வுபெற்ற ஒருவரைக் கேளுங்கள்.

"வைத்தியசாலை ஒழுங்காகப் பார்த்திருந்தால் கால் போயிருக்காது, எனக்கென்ன" என்று வான்காரர் வாதாடுவார். முறிவே அவரால்தானே வந்தது. பிந்திய கவனயீனம் அவருடைய பொறுப்பைத் தானாகக் கழுவிவிடாது. இருவரையும் ஒன்றாக நிறுத்தினால், யாருக்கு எவ்வளவு என்று நீதிமன்றமே பிரிக்கலாம்.

அப்பாவின் சைக்கிள் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இருந்தால் திருத்தவும் வேண்டாம், பழைய இரும்புக்குக் கொடுக்கவும் வேண்டாம். டைனமோவும் முன் விளக்கும் பின் ரிப்லெக்டரும் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அப்படியே படமெடுத்து, நனையாத இடத்தில் மூடி வையுங்கள்.