கேமராவை மாற்றினால் அந்தி டைம்லாப்ஸின் துடிப்பு நிற்குமா?

மாலையிலிருந்து இரவு வரை ஒரு நகரத்தை டைம்லாப்ஸாக, அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் காணொளியாக எடுத்ததாகவும், இருட்டத் தொடங்கியதும் காணொளியின் வெளிச்சம் கூடிக் குறைந்து துடிப்பதாகவும், விலை கூடிய கேமரா வாங்கினால் அது நின்றுவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. கேமரா தானே எல்லாவற்றையும் முடிவுசெய்யும் ஆட்டோ முறையில் விட்டுவிட்டு அருகில் அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் நாள் நானும் அதைத்தான் செய்தேன். இதே துடிப்புக்குப் பயந்து ஒரு புதிய லென்ஸை வாங்கி, அதிலும் அதே துடிப்பைக் கண்டவன் என்பதால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

அந்த முதல் மாலையில் லென்ஸில் ஒளி புகும் துவாரமான அப்பர்ச்சரை எஃப் 8 என்ற அளவில் வைத்து, மற்றவற்றைக் கேமராவின் பொறுப்பில் விட்டேன். வந்த காணொளியில் இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒன்று, ஆட்டோ: எதிரே ஒரு விளம்பரப் பலகை எரிந்தாலே கேமரா தன் கணக்கை மாற்றிக்கொள்ளும், அது அணைந்ததும் பழைய கணக்குக்குத் திரும்பும். மற்றொன்று, லென்ஸுக்குள் அந்தத் துவாரத்தைச் சுருக்கும் இதழ்கள். ஒவ்வொரு படத்துக்கும் அவை எஃப் 8 வரை மூடித் திறக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் இம்மியும் பிசகாமல் அதே அளவுக்கு மூடுவதில்லை. தனிப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடு, வினாடிக்கு 25 படங்கள் ஓடும்போது துடிப்பாகத் தெரிகிறது. லென்ஸை முழுவதும் திறந்த அளவிலேயே வைத்துவிட்டால் இதழ்கள் அசைய வேண்டிய தேவையே இல்லை. அப்படி வைத்தால் படத்தின் ஓரங்களில் கூர்மை குறையுமே என்று யாராவது எழுதுவார்கள். குறையும்தான், துடிக்கும் கூர்மையைவிடத் துடிக்காத மென்மை எனக்குப் போதும்.

இரண்டாம் மாலை எல்லாவற்றையும் மேனுவலுக்கு, அதாவது கையால் அமைக்கும் முறைக்கு மாற்றினேன். தொலைவிலிருந்த ஒரு கட்டடத்தில் ஃபோகஸை வைத்துப் பூட்டினேன். பின்னர் திருத்த வசதியாக, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாகப் பதிவு செய்தேன். படத்தின் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு நிலைநிறுத்தினேன். சூரியன் மறைந்தபின் வானத்தில் ஏறும் அந்த ஆழ்ந்த நீலத்துக்கு, ஓசோன் படலம் மஞ்சள், ஆரஞ்சு ஒளியை உறிஞ்சிவிடுவது பெருங்காரணம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸோ அந்த நீலத்தைப் பிழையென்று எண்ணித் திருத்தப் பார்க்கும். 5 வினாடிக்கு ஒரு படமாக, சூரியன் மறைவதற்கு 30 நிமிடம் முன்பு தொடங்கி மறைந்து 60 நிமிடம் வரை எடுத்தால் 1080 படங்கள், அதாவது 43 வினாடிக் காணொளி. இவ்வளவு கணக்குப் போட்டும் நான் எடுத்த மூன்றில் அதுவே படுமோசமானது.

காரணம், கேமராவின் பின்திரை. வெளிச்சம் குறையக் குறைய என் கண் இருட்டுக்குப் பழகிக்கொண்டே போக, திரை மட்டும் பழைய பிரகாசத்திலேயே இருந்ததால், ஒவ்வொரு படமும் போதிய வெளிச்சத்தோடு வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஒளி விழும் நேரத்தைக் கூட்டும் ஷட்டர் சக்கரத்தைத் திருப்புவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கணினியில் பார்த்தபோது கடைசி 400 படங்களில் நகரமே இல்லை, கறுப்பில் சில விளக்குப் புள்ளிகள்தான் இருந்தன. ராவில் பிரகாசத்தைத் தூக்கிவிடலாமே என்பார்கள். தூக்கினேன், வானம் முழுவதும் மணல் தூவியதுபோல் ஆயிற்று. அன்றிலிருந்து திரையின் படத்தைப் பார்ப்பதில்லை, படத்தில் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மட்டுமே பார்க்கிறேன். போதாக்குறைக்கு அன்று ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்ததும் என் தம்பி வந்து அறை விளக்கைப் போட்டான். 40 படங்களில் அவனுடைய கோடு போட்ட சட்டை நகரத்துக்கு மேலே வானத்தில் தொங்கியது. அவனைத் திட்டித் தீர்த்தேன். கண்ணாடியோடு லென்ஸை ஒட்டி வைத்துச் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டியிருக்க வேண்டியவன் நான்தான்.

சக்கரத்தை எந்த வேகத்தில் திருப்புவது என்பதே இதில் கடினமான பகுதி. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இடங்களில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை செல்ல 20 முதல் 25 நிமிடமே ஆகும்; துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல இந்த நேரம் நீளும். அதற்குள் திறந்தவெளியின் வெளிச்சம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. வெளிச்சம் இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்; நூறு மடங்கு என்பது 6 முதல் 7 ஸ்டாப். சக்கரத்தின் ஒவ்வொரு சொடுக்கும் மூன்றில் ஒரு ஸ்டாப் என்றால் 20 சொடுக்குகள், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. அதற்கு முன்பும் பின்பும் இவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் குறைந்த வெளிச்சம் முழுவதையும் ஈடுசெய்துவிட்டால் இரவும் பகல்போலவே வந்து நிற்கும். அதனால் மூன்றாம் மாலை வேண்டுமென்றே ஒரு ஸ்டாப் பின்தங்கியே திருப்பினேன். கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 100-இலேயே வைத்து, ஷட்டரை 1/1000 வினாடியில் தொடங்கி 1 வினாடியில் முடித்தேன், 30 சொடுக்குகள். ஒவ்வொரு சொடுக்கிலும் வெளிச்சம் கால் பங்குக்குச் சற்று மேல் தாவுவதால் காணொளியில் படிக்கட்டு தெரியும்; எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருள்கள் ரா கோப்புகளின் பிரகாசத்தை எதிர்த்திசையில் சிறிது சிறிதாக மாற்றி அந்தப் படிகளைச் சமன்செய்துவிடும். சக்கரத்தைத் திருப்பும்போது ட்ரைபாட் அசைந்தால் அதைச் சமன்செய்வது அவ்வளவு எளிதன்று.

போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் இதெல்லாம் தானே நடக்குமே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கையளவு திரைக்கு அது போதும், நான் மறுக்கவில்லை. என் வருத்தம் வேறு. மூன்றாம் மாலையின் அந்த 43 வினாடியை யாரோ ஒருவர் எடுத்து, நெட்டுவாக்கில் வெட்டி, 6 வினாடியாக ஓட்டிப் பகிர்ந்தார். அதன் கீழும் எல்லோரும் கேட்டது எந்தக் கேமரா என்பதைத்தான்.

நீங்கள் உங்கள் காணொளியைப் படம் படமாக நகர்த்திப் பாருங்கள். படத்துக்குப் படம் ஒழுங்கின்றி மாறினால் பெரும்பாலும் லென்ஸின் இதழ்கள். சில படங்களுக்கு ஒருமுறை படியிறங்குவதுபோல் மாறினால் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் கணக்கு. நிறமும் சேர்ந்து மாறினால் ஒயிட் பேலன்ஸ். மூன்றுக்கும் கையிலிருக்கும் கேமராவே போதும். ட்ரைபாட் ஆடுகிறதென்றால் மட்டும் வேறொன்று வாங்குங்கள்.