பிளேடு கம்பெனி போட்ட பிளேடு: ஒரு விளம்பரக்காரியிடம் சில கேள்விகள்

சென்னையில் பத்தொன்பது வருடமாக விளம்பரங்களுக்கு வசனம் எழுதுகிறேன். சோப்பு, மசாலா, குக்கர், சிமென்ட், நகைக்கடை, எல்லாம் எழுதியாயிற்று. ஆண்களுக்குப் புத்தி சொல்லும் விளம்பரங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டுத் தீர்த்துவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்திருக்கிறேன். திட்டி வந்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அக்கா, ஜில்லெட் விளம்பரம், ஜில்லெட் விளம்பரம் என்கிறார்கள். அது வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அதில் அப்படி என்னதான் இருந்தது? (கல்லூரி மாணவர், திருச்சி)

2019 ஜனவரி நடுவில் அமெரிக்காவில் வந்தது. ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி. கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே பார்க்கும் ஆண்கள். பின்னணியில் மிரட்டல், பாலியல் தொல்லை பற்றிய செய்திக் குரல்கள். அப்புறம் ஜில்லெட்டின் பழைய விளம்பரம் ஒன்று ஓட, அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு பையன்கள் பாய்ந்து வருவார்கள். அலுவலகக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் தோளில் கையை வைத்து, 'இவர் சொல்ல வருவது என்னவென்றால்' என்று தானே பேச ஆரம்பிக்கும் மேலதிகாரி ஒருவர் உண்டு.

எனக்கு மறக்காத காட்சி வேறு. வரிசையாக இறைச்சி சுடும் அடுப்புகள், புகை, ஒவ்வொரு அடுப்புக்குப் பின்னாலும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஆண். எதிரே புல்வெளியில் இரண்டு சிறுவர்கள் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே குரலில் 'பசங்கன்னா அப்படித்தான்' என்கிறார்கள். நம்மூர்த் திண்ணையில் 'ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும்' என்பார்களே, அதேதான்.

பிற்பாதியில் ஆண்களே ஆண்களைத் தடுப்பார்கள். தெருவில் ஒரு பெண்ணின் பின்னால் கிளம்பும் நண்பனை ஒருவர் மறிப்பார். அடித்துக்கொள்ளும் பையன்களை ஒரு அப்பா விலக்கிவிடுவார். நடிகர் டெர்ரி க்ரூஸ் 2018-ல் பாலியல் அத்துமீறல் பற்றி அமெரிக்க செனட் குழு முன் பேசியதிலிருந்து ஒரு துண்டும் வரும்.

1989-லிருந்து அவர்களுடைய டேக்லைன் 'தி பெஸ்ட் எ மேன் கேன் கெட்'. அது இதில் 'தி பெஸ்ட் மென் கேன் பி' ஆனது. ஆணுக்குக் கிடைக்கும் பொருளில் எது சிறந்தது என்ற பேச்சு போய், ஆண் எப்படி இருக்கலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. வசனம் எழுதிப் பிழைப்பவள் என்ற முறையில் பொறாமைப்பட்டேன். யூடியூபில் பிடிக்கவில்லை என்று அழுத்தியவர்கள் பிடித்தது என்று அழுத்தியவர்களை எங்கேயோ தாண்டிப் போனார்கள்.

அந்த விளம்பரத்தால் கம்பெனிக்கு 8 பில்லியன் டாலர் நஷ்டம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா மேடம்? (பைக் மெக்கானிக், ஓசூர்)

8 பில்லியன் உண்மை. விளம்பரத்தால் என்பது ஒட்டவைத்தது.

ஜில்லெட்டை பி அண்ட் ஜி நிறுவனம் 2005-ல் சுமார் 57 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2019 ஜூலையில், 'இது இப்போது நம் கணக்கில் இருக்கும் விலைக்குப் போகாது' என்று மதிப்பில் 8 பில்லியனைக் குறைத்து எழுதினார்கள். நிலம் உச்ச விலையில் இருந்தபோது வாங்கிப் போட்டு, பத்து வருடம் கழித்து இன்றைய விலையைக் கணக்கில் எழுதுவது போல. அந்த நாளில் கல்லாவிலிருந்து காசு எதுவும் போகவில்லை.

காரணமாக அவர்கள் சொன்னவை டாலர் மதிப்பின் ஏற்ற இறக்கம், போட்டி, அப்புறம் தாடி. ஆமாம், தாடிதான். ஆண்கள் முன்போல அடிக்கடி மழிப்பதில்லை. மெக்கானிக்குக்கு இதை விளக்க வேண்டியதில்லை, உங்கள் கடைக்கு வரும் பையன்களில் எத்தனை பேர் மழுமழு முகத்தோடு வருகிறார்கள்?

போட்டியும் சாதாரணமானதில்லை. டாலர் ஷேவ் கிளப் என்ற சின்ன கம்பெனி 2012-ல் ஒரு நையாண்டி வீடியோவைப் போட்டு, மாதச் சந்தாவில் மலிவு பிளேடை வீட்டுக்கே அனுப்பியது. நான்கே வருடத்தில் யூனிலீவர் அதை 1 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. 2010-ல் அமெரிக்க ரேசர் சந்தையில் 70 சதவீதத்தை ஒட்டி இருந்த ஜில்லெட்டின் பங்கு 2016-ல் 54-க்கு வந்துவிட்டது. விளம்பரம் வருவதற்கு மூன்று வருடம் முந்தைய கதை இது.

அதற்காக விளம்பரம் விற்பனையைத் தூக்கிவிட்டது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். விளம்பரத்துக்கு முன்பு இருந்த அளவில்தான் விற்கிறது என்று நிறுவனத்தின் நிதி அதிகாரியே சொன்னார். அவ்வளவு கூச்சல், கடைசியில் கடைக்காரர் கணக்கில் ஒன்றுமில்லை.

தப்பு செய்யாதவனுக்கு ஏன் கோபம் வந்தது? இதே கம்பெனி நம் நாட்டில் ஏரியல் விளம்பரம் எடுத்தபோது எல்லோரும் பாராட்டினார்களே? (ஆசிரியை, நாகர்கோவில்)

வந்ததிலேயே நல்ல கேள்வி இது டீச்சர்.

ஏரியலும் பி அண்ட் ஜி உடையதுதான். துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று கேட்டு 2015-ல் 'ஷேர் த லோட்' என்று இந்தியாவில் தொடங்கினார்கள். 2016-ல் வந்த அப்பா விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். மகள் வீட்டுக்கு வந்த அப்பா உட்கார்ந்து கவனிக்கிறார். அவள் ஆபீஸ் போன், குழந்தை, சமையல், துணி என்று சுழல்கிறாள். மருமகன் டிவி முன்னால். அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறார். நான் வீட்டில் செய்யாததைப் பார்த்துத்தானே நீ இப்படி வளர்ந்தாய் என்கிற தொனியில். ஊருக்குப் போனதும் தன் பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியை எடுத்து மெஷினில் போடுகிறார். அவர் மனைவி நின்று பார்க்கிறார். கடுமையான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது.

இப்போது காசு யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். துணி சோப்பைப் பெரும்பாலும் வாங்குவது வீட்டுப் பெண். 'உன் கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது' என்று வாங்குபவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை மெல்லக் கிள்ளுகிறது விளம்பரம். ஜில்லெட்டில் வாங்குபவனுக்கே குட்டு. முப்பது வருடமாக 'நீ ராஜா' என்று சொன்ன வாய் திடீரென்று 'கண்ணாடியைப் பார்' என்றால் சுருக்கென்றுதான் இருக்கும்.

இன்னொன்று, ஏரியல் கேட்டது அந்தப் பொட்டலத்தைத் திறந்து செய்ய வேண்டிய வேலையை. தெருச்சண்டைக்கும் பிளேடுக்கும் என்ன உறவு? நல்ல விஷயத்தைத்தான் சொன்னார்கள், ஆனால் அது அவர்கள் கடைச் சரக்கு இல்லை. நம் பாஷையில் 'பிளேடு போடுகிறான்' என்று தோன்றுவது அந்த இடத்தில்தான்.

வீட்டுவேலை பெண்ணுடையது என்று நினைக்கும் ஆண்கள் 79 சதவீதத்திலிருந்து 2020-க்குள் 41 ஆகக் குறைந்தார்கள் என்று ஏரியல் சொல்கிறது. அவர்களே எடுத்த கணக்கு. தவிர, கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்வது வேறு, வாளியைத் தூக்குவது வேறு.

எல்லாம் வியாபாரம்தானே? (பலர்)

ஆமாம். 2015-ல் நியூயார்க் மாநகராட்சி எடுத்த கணக்கில், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான பொருளுக்கு ஆண்களைவிடப் பெண்கள் சராசரியாக 7 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். உடல் பராமரிப்புப் பொருட்களில் 13 சதவீதம். ரேசரும் அந்தப் பட்டியலில் இருந்தது. சமத்துவம் பேசும் விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் கடை அலமாரியில் பிங்க் ரேசரின் விலையைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம்.

நீங்கள் பெண், அதனால் ஆண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் சந்தோஷம். ஆண் உழைப்பதும் சாவதும் உங்கள் கண்ணில் படாது. (பெயர் சொல்லவில்லை)

எகார்ட் என்ற கைக்கடிகார நிறுவனம் ஜில்லெட்டுக்குப் பதிலாக இதையேதான் விளம்பரமாக எடுத்தது. தீயணைப்பு வீரர், குழந்தையைத் தூக்கும் அப்பா, ஆபத்தான வேலைகளில் சாகும் ஆண்கள். அதுவும் பரவலாகப் பார்க்கப்பட்டது. அதில் காட்டியது பொய்யில்லை. ஆனால் அவர்களும் கடிகாரம்தான் விற்றார்கள், அய்யா. உங்கள் கோபத்துக்கும் ஒரு கடை திறந்திருந்தது.

நீங்கள் இப்படி ஒரு விளம்பரம் எழுதியதுண்டா? (இல்லத்தரசி, சேலம்)

ஒன்று, அரைகுறையாக. ஒரு சமையல் பாத்திரக் கம்பெனி, பெயர் வேண்டாம். கணவன் காபி போடுகிறான், மனைவி செய்தித்தாள் படிக்கிறாள். முப்பது நொடி. கடைசி ஃப்ரேமில் அவன் தொட்டியில் நின்று இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்ப்பதாக எழுதியிருந்தேன்.

காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டைச் சுவரில் ஒட்டிக் காட்டினோம். எதிரே ஏழு பேர், எல்லோரும் ஆண்கள். ஆறு ஃப்ரேம் வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஏழாவது வந்ததும் பெரியவர் பேனாவின் பின்முனையால் அந்தத் தொட்டியைத் தட்டினார். "காபி போடட்டும்மா, அது அன்பு. டம்ளர் கழுவ வேண்டாம். பார்க்க நல்லாயில்ல" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை, அந்த மாதச் சம்பளம் அதில் இருந்தது.

விளம்பரம் டம்ளர் கழுவாமல்தான் ஒளிபரப்பானது. 'முற்போக்கான சிந்தனை' என்று ஒரு பத்திரிகை பாராட்டியது. ஷூட்டிங்கில் அந்த டம்ளர்களைக் கழுவியது ஆர்ட் டிபார்ட்மென்டில் வேலை பார்த்த ஒரு அம்மா.

ஃபேர் அண்ட் லவ்லி பெயர் மாற்றியது நல்ல மாற்றம்தானே? (நர்ஸ், வேலூர்)

1975-லிருந்து விற்ற பெயர். 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பின் உலகமெங்கும் நிறவெறி எதிர்ப்பு எழுந்தபோது க்ளோ அண்ட் லவ்லி ஆனது. 'வெளுப்பு' போய் 'பளபளப்பு' வந்தது. ஆண்களுக்கான க்ரீமுக்கு க்ளோ அண்ட் ஹேண்ட்சம் என்று வைத்ததும், அந்தப் பெயர் எங்களுடையது என்று இமாமி சண்டைக்கு வந்தது வேறு கதை. டப்பா கடையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. மணமகள் தேவை விளம்பரத்தில் இன்னும் 'சிவந்த நிறம்' என்று எழுதுகிறோம், அதற்கு எந்த க்ரீம் கம்பெனியையும் குறை சொல்ல முடியாது.

மோசமான விளம்பரம் வந்தால் கேட்க ஆள் உண்டா? (வழக்கறிஞர் படிப்பு, மதுரை)

உண்டு. ஏஎஸ்சிஐ என்ற அமைப்பு 1985-லிருந்து இருக்கிறது. விளம்பரத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட பஞ்சாயத்து. அரசு அமைப்பு இல்லை, ஆனால் யாரும் புகார் கொடுக்கலாம். 2022 ஜூனில் ஷாட் என்ற பாடி ஸ்ப்ரே விளம்பரம் வந்தது நினைவிருக்கிறதா? கடையில் ஒரு பெண்ணுக்குப் பின்னால் நான்கு ஆண்கள் நின்று, 'நாம நாலு பேர், இது ஒண்ணுதான், யார் ஷாட் அடிப்பது' என்று பேசுவார்கள். அந்தப் பெண் மிரண்டு திரும்புவாள். அவர்கள் பேசியது அலமாரியில் இருந்த கடைசி பாட்டிலைப் பற்றியாம். ஏஎஸ்சிஐ நிறுத்தச் சொன்னது, மத்திய அரசும் ட்விட்டர், யூடியூபிலிருந்து நீக்க உத்தரவிட்டது, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அந்த ஸ்கிரிப்டை எத்தனை பேர் படித்து ஒப்புதல் கொடுத்திருப்பார்கள்! எனக்கு அந்த அறைகள் தெரியும், அதனால்தான் ஆச்சரியம் வரவில்லை.

பிரிட்டனில், ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று தீங்கு செய்யும் விதத்தில் முத்திரை குத்தும் விளம்பரங்களைத் தடைசெய்யும் விதி 2019 ஜூனில் வந்தது. முதலில் மாட்டிய இரண்டில் ஒன்று ஃபிலடெல்ஃபியா சீஸ் விளம்பரம். சாப்பாட்டு மும்முரத்தில் இரண்டு அப்பாக்கள் குழந்தைகளை உணவு சுற்றிவரும் பெல்ட்டில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். ஆணுக்குக் குழந்தை பார்க்கத் தெரியாது என்பதும் அவமானம்தான் என்று தடை போட்டார்கள். மேலே கோபப்பட்ட அய்யா கவனிக்க.

அக்கா, திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கிறேன், எழுபது பேர். மகளிர் தினத்துக்கு ஆண்களைச் சிந்திக்க வைக்கிற மாதிரி ஒரு வீடியோ எடுக்க ஆசை. எப்படித் தொடங்குவது?

தம்பி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு ஒன்று இருக்க வேண்டும், 2013-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் யூனிட்டில் இருக்கிறதா? அதற்குத் தலைமை ஒரு பெண்ணா? டைலரிங் செக்‌ஷனில் உட்காரும் பெண்களுக்கு அது இருப்பது தெரியுமா? அப்புறம், பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா?

இதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதுங்கள். வசனம் நான் எழுதித் தருகிறேன். ஃபீஸ் உண்டு.